கல் வீட்டுக்கு ஒரு ஜன்னல்

மே மாதத்து உச்சி வெயிலிலும் அந்த வீட்டின் தரை உள்ளங்காலைச் சில்லிட வைக்கும். மாநில எல்லையோர ஜூஜுவாடி பக்கம், நெடுஞ்சாலையின் லாரிச் சத்தம் ஓயாமல் கேட்கும் தூரத்தில் இருந்தது அது. ஓர் ஆள் நீளத்துக்கும் அதிகமான கருங்கல் பலகைகளைச் சுவருக்குச் சுவர் அடுக்கி, நடுவே மரத் தூண்களால் தாங்கிக் கூரையாக்கிய பழைய வீடு. தெலுங்கு பேசும் ஒரு விவசாயக் குடும்பத்திடமிருந்து அப்பா வாங்கியிருந்தார். ஊர்க்காரர்கள் அதைக் "கல்லூடு" என்பார்கள்.

திருநெல்வேலிப் பக்கமிருந்து தொழிற்சாலை வேலைக்காக வந்த அப்பா, ஃபிட்டர். வாரம் ஒரு "ஷிப்ட்". நைட் ஷிப்ட் வாரத்தில் காலையில் வந்து நடு அறையில் படுத்தால் மாலைதான் எழுவார். ஜன்னலே இல்லாத அந்த அறையின் இருட்டுக்காகவே அவர் வீட்டை வாங்கியிருக்க வேண்டும். ஆனால் சமையலும் அங்கேதான், ஒரு தட்டிக்கு அப்பால். கடுகு வெடிக்கும் சத்தத்துக்குப் பயந்து அந்த வாரம் முழுக்க அம்மா தாளிக்கமாட்டாள். பாத்திரத்தைக்கூடத் துணி விரித்து அதன்மேல்தான் வைப்பாள். பத்து வயதான நான் வாசலுக்கும் அடுப்புக்கும் இடையே குதிகாலைத் தூக்கியே நடந்தேன். பள்ளியில்கூட அப்படி நடந்து சிரிப்பு வாங்கினேன்.

அம்மாவுக்கு வெளிச்சம் வேண்டும். நடு அறையின் கிழக்குச் சுவரில் ஒரு பெரிய ஜன்னல் வைக்கச் சொல்லி, கொத்தனார் முனியப்பாவை வரவழைத்தாள். அவர் சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டுக் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். "அக்கா, இது செங்கல்லு செவுரு இல்ல. மேல கெடக்கற கல்லு பூரா இதும்மேலதான் நிக்குது. முட்டு குடுக்காம கைவெச்சா எறங்கிடும்." அப்பாவிடம் கேட்டால், "பொறவு பாப்போம்" என்பார்.

அந்தக் கோடை விடுமுறையில் ஒரு நாள், அப்பா காலை ஷிப்டுக்குப் போனதும், அம்மா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கடப்பாரையை எடுத்தாள். மண் சாந்தில் கட்டிய சுவர்; முதல் கல் சுலபமாக வந்தது. நான் தட்டில் மண் அள்ளி வெளியே கொட்டினேன். நண்பகலுக்குள் என் தலை நுழையும் அளவுக்கு ஓட்டை விழுந்துவிட்டது. அதன் வழியே பக்கத்து வயலின் ராகித் தாளும் வெயிலும் தெரிந்தன. நான் தலையை நீட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தபோது மேலே "டக்" என்று ஒரு சத்தம். பொடிமண் என் கழுத்தில் உதிர்ந்தது. "ஏட்டி!" என்று அலறிய அம்மா என் சடையைப் பிடித்தே இழுத்து வாசலுக்குக் கொண்டுவந்து போட்டாள். கூரைப் பலகையொன்றில் விரல் நீளத்துக்கு விரிசல்.

நான் ஓடிப்போய் முனியப்பாவைக் கூட்டிவந்தேன். அவர் அம்மாவைத் திட்டவில்லை. கன்னடத்தில் தமக்குள் ஏதோ முணுமுணுத்தபடி நான்கு தைலமரக் கம்புகளைக் கூரைக்கு முட்டுக் கொடுத்தார். பிறகு நாங்கள் மூவரும் வெளியே நின்று அப்பாவுக்காகக் காத்திருந்தோம்.

அப்பா வந்தார். சாப்பாட்டுப் பையைக்கூட இறக்காமல் உள்ளே போய் விரிசலை விரலால் தடவிப் பார்த்தார்.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

"மூணு வருசமா சொல்லிட்டுத்தான் இருக்கேன்," என்றாள் அம்மா. "நீங்க தூங்கிட்டு இருந்திய."

அப்பா சாப்பாட்டுப் பையை இறக்கிவைத்தார். மறுநாள் லீவு போட்டு, பழைய இரும்புக் கடையிலிருந்து, கூரையைத் தாங்கும் உத்தரமாக, ஒரு இரும்புக் கர்டர் கொண்டுவந்தார். அவரும் முனியப்பாவும் அதை விரிசலுக்குக் கீழே சுவரோடு சுவராகப் பதித்தார்கள். அதற்கடியில் அம்மா கேட்டதைவிட அகலமாகவே ஜன்னல் வந்தது. கல்லும் மரத் தூண்களும் நின்ற இடத்திலேயே நின்றன. அந்த வெளிச்சத்தில்தான் தூண்களில் பூ செதுக்கியிருப்பதை முதன்முதலாகப் பார்த்தோம்.

எல்லாம் சரியாகிவிட்டதென்று சொல்ல முடியாது. அப்பா பின்பக்கத் தானிய அறைக்குக் கட்டிலை மாற்றினார். அங்கே புழுக்கம், எலி. நைட் ஷிப்ட் வாரங்களில் நடுப்பகலில் சிவந்த கண்களோடு எழுந்து வந்து அந்த ஜன்னலருகே உட்கார்ந்திருப்பார். அம்மா அப்போது கடுகு டப்பாவைத் திறந்து, அவரைப் பார்த்துவிட்டு, மூடிவிடுவாள்.

இன்று அப்பாவும் இல்லை, அம்மாவும் இல்லை. எங்களிடமிருந்து வீட்டை வாங்கியவர்கள் இடித்துவிட்டார்கள். கல் பலகைகள் டிராக்டரில் போயின. அங்கே இப்போது ஐந்து மாடிக் குடியிருப்பு. வீடுகளுக்கு உள்ளலங்காரம் செய்வது என் தொழில். போன மாதம் அந்தக் கட்டடத்திலேயே ஒரு வீட்டுக்கு அளவெடுக்கப் போனேன். "ஹாலுக்குப் பழைய வீட்டு லுக் வேணும் மேடம், தூணு, கல்லு மாதிரி சீலிங்," என்றாள் அந்த வீட்டு இளம் மனைவி. கணவருக்கு ஷிப்ட் வேலை. அவர் பகலில் எங்கே தூங்குவார் என்று கேட்டேன்.

"அவரு எங்க வேணா தூங்கிடுவாரு," என்றாள். "அப்ப நான் எங்க இருக்கறதுன்னு கேளுங்க."

சீலிங்கைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டு, அவர் தூங்கும் நேரத்தில் தான் இருக்க விரும்பும் இடங்களில் ஒவ்வொன்றாக நின்று காட்டும்படி அவளிடம் சொன்னேன்.