கழித்தல் குறியைக் கண்டு குதித்தவள்

திரையில் ஒரு சின்னக் கழித்தல் குறி. அதைப் பார்த்துத்தான் என் ஆய்வுத் தோழி நாற்காலியிலிருந்து குதித்தாள். “ஏய், ஓடி வாடி! மைனஸ் வந்துக்கினு இருக்குது பாரு!” என்று அவள் போட்ட சத்தத்தில் எங்கள் காஞ்சிபுரத்துக் கல்லூரி ஆய்வகமே திரும்பிப் பார்த்தது.

அதுவரை அவள் அழுத முகத்தோடுதான் திரிந்தாள். பெரிய காஞ்சிபுரத்தில் அவள் வீட்டாருக்குச் சாயப்பட்டறை உண்டு. பட்டு நூல் சிவப்புச் சாயத்தில் ஊற ஊற நிறம் எவ்வளவு ஏறுகிறது என்று கருவி வைத்து அளந்திருந்தாள். அதுதான் அவள் ஆய்வேடு. அந்த அளவுகளை எங்கள் நெறியாளர் தாமே எழுதிய பழைய புரோகிராமில் போட்டால், நேரம் ஆக ஆக நூல் வெளுக்கிறது என்றது! எங்காவது நடக்குமா? ஆனால் நெறியாளர் அசையவில்லை. “மிஷின் பொய் சொல்லாதுமா. நீதான் அளவுல எங்கியோ கோட்ட விட்டிருக்க. இதுல நான் கையெழுத்துப் போட மாட்டேன்.” அவர் கையெழுத்து இல்லையென்றால் பட்டம் இல்லை.

அன்று அவள் புரோகிராமின் இடைக்கணக்குகளை ஒவ்வொன்றாகத் திரையில் வரவழைத்துப் பார்த்தாள்; அந்தக் கழித்தல் குறி நின்றது நேர வித்தியாசங்களுடைய வர்க்கங்களின் கூட்டுத்தொகைக்கு முன்னால். எந்த எண்ணை வர்க்கப்படுத்தினாலும் மைனஸ் வராது, பள்ளிக்கூடப் பிள்ளைக்கே தெரியும். ஆகக் கோளாறு புரோகிராமில்! கருவி நேரத்தை, 1970-லிருந்து எண்ணி வரும் பத்து இலக்க விநாடி எண்ணாகக் குறித்திருந்தது. புரோகிராமோ முதல் ஏழு இலக்கங்களைத்தான் நம்பகமாக வைத்துக்கொள்ளும். வித்தியாசமெல்லாம் வாலில், வால் அறுந்துவிட்டது; பெரிய எண்ணிலிருந்து பெரிய எண்ணைக் கழித்து மிஞ்சியது வெறும் பிழை, அதுதான் மைனஸாகி நிறத்தையும் தலைகீழாக்கியது. அவள் எல்லா நேரத்திலிருந்தும் முதல் நேரத்தைக் கழித்துவிட்டு மறுபடி ஓட்டினாள். நிறம் ஏறியது! எனக்குப் புல்லரித்துவிட்டது. இன்று மாணவர்களுக்கு இதைச் சொல்லும்போதும் என் குரல் உயர்ந்துவிடுகிறது.

நெறியாளர் அறைக்கு ஓடினோம். “சார், ஒரு நூல்கண்ட லாரில வெச்சு எடை போட்டு, அப்புறம் லாரியக் கழிச்சா எடை சரியா வருமா? அதான் சார் நடந்துக்கினு இருக்குது,” என்றாள் மூச்சிரைக்க. அவர் தம் கையாலேயே இரண்டு விதமாகவும் ஓட்டிப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

“அப்போ, இதுல போட்டு நான் எழுதின கட்டுரைங்க?”

எங்கள் துள்ளலெல்லாம் அடங்கிப்போனது. அவர் அவளுடைய ஆய்வேட்டை இழுத்து, முதலில் அதில் கையெழுத்திட்டார். பிறகு அலமாரியைத் திறந்து தம் கட்டுரைகளை அவள் முன் அடுக்கினார்.

“எது நிக்குது, எது விழுதுன்னு நீயே பாத்துச் சொல்லுமா.”