முக்குளிப்பான் கூடும் ஒரு நற்சான்றுக் கடிதமும்

எங்கள் வீட்டு அலுமாரியில், கல்யாணப் பட்டுக்கு அடியில், ஒரு துரை எனக்கு எழுதித் தந்த நற்சான்றுக் கடிதம் கிடக்கிறது. அடக்கமானவன், சொன்னதைச் சொன்னபடியே மொழிபெயர்ப்பவன் என்று அதில் எழுதியிருக்கிறது. அதைக் காட்டித்தான் இரண்டு உத்தியோகம் பெற்றேன். அதைக் காணும்போதெல்லாம் உடம்பு எரிகிறது.

அப்போது கண்டி வாவிக்கரையில் ஒரு தங்குவிடுதியில் கிளாக்கராக இருந்தேன். ஊர் பார்க்க வந்த அந்தத் துரைக்குப் பறவைப் பைத்தியம். வாவிப் பறவைகளைப் பார்க்கலாம், தொடக்கூடாது, அதுதான் சட்டம். விடிந்ததும் படகேறினோம். பள்ளிக்கூட இங்கிலீசு தெரிந்ததால் நானும் கூடப் போனேன். துடுப்புப் போட்டவர் படகுக்கார நானா; முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம். பனிக்குள் எது கத்தினாலும் அவருக்குப் பெயர் தெரியும். துரையின் தூரக்கண்ணாடியில் விழுமுன்பே அவர் கண்டுவிடுவார். “தொரைக்கு நாலு கண்ணு. எனக்கு ரெண்டு போதும்” என்று என் காதருகே சிரித்தார்.

கரையோரப் புல்லில் குப்பைபோல மிதந்த ஒன்றை அவர்தான் காட்டினார். முக்குளிப்பானின் கூடு. தாய்ப்பறவை முட்டைகளைப் பாசியால் மூடிவிட்டு நீருக்குள் போயிருந்தது. துரை கிட்டப் போகச் சைகை செய்தார். நானா துடுப்பைத் தூக்கிவிட்டார்.

“ஏலாது தம்பி. அலை பட்டாலே கூடு கவுந்துரும். சட்டமும் விடாது. தொரைகிட்ட சொல்லுங்க.”

துரைமாரிடம் ‘முடியாது’ என்று சொல்லி எங்களில் யாருக்கும் பழக்கமில்லை. “கொஞ்சம் சிரமமாம், ஐயா” என்றேன். படகுக்காரனுக்குச் சோம்பல் என்று துரை எடுத்துக்கொண்டார். சிரித்தபடியே துடுப்பைப் பிடுங்கித் தானே தள்ளினார். மூன்று முட்டைகளும் பஞ்சு வைத்த தகர டப்பாவுக்குள் போயின.

கரையில் காவல்காரர் மறித்தார். படகுக்காரன் தடுக்கவில்லை, சிரமம் என்றுதான் சொன்னான் என்றார் துரை. மெய்யா என்று காவல்காரர் என்னைக் கேட்டார்.

“நான் சொன்னதச் சொல்லுங்க தம்பி. அது போதும்” என்றார் நானா.

நான் என் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அந்த வாரமே நானாவின் படகு அனுமதி பறிபோனது. திருடியவர் முட்டைகளோடு ரயிலேறினார். அவரை ஒரு சொல் கேட்க அந்த ஊரில் ஆளில்லை. போகுமுன் அவர் நீட்டிய கடிதத்தை இரண்டு கையாலும் வாங்கினேன். அந்தக் கைகளை இன்னும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

பிறகு ஒருநாள் கலகெதரச் சந்தையில் நானா மூட்டை சுமந்துகொண்டு எதிரே வந்தார். “என்ன தொரை, சொகமா?” என்றார். தம்பி என்று கூப்பிடவில்லை.

இப்போது மகனுக்கு உத்தியோகம் தேடுகிறோம். கடிதத்துக்குக் கண்ணாடி போட்டு முன்னறையில் மாட்டினால் வருகிறவர்கள் மதிப்பார்கள் என்று நேற்று என் மனைவி அதை அலுமாரியிலிருந்து எடுத்தாள்.

“முடியாது” என்று கத்தினேன்.

“அம்மாடி, உங்களுக்கு இவ்வளவு சத்தம் வருமா?” என்று அவள் திகைத்துப் போனாள்.

வந்திருக்க வேண்டும். அன்று காலையில், அந்தப் படகில்.