நூறு வாட் குண்டு பல்பு

நான்கு வருடத்துக்கு முந்தைய ஆடி மாதம். தேவாலா பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட்டின் ஃபாக்டரியில் நான் எலக்ட்ரீஷியன். இன்றும் அங்கேதான் இருக்கிறேன். சொந்த ஊர் மேட்டுப்பாளையம் பக்கம் என்பதால் இந்த மழைக்குப் பழகவே இரண்டு வருடம் ஆனது. ஆடியில் இங்கே வெயிலைப் பார்க்க வேண்டுமானால் டிவியில்தான் பார்க்க வேண்டும்.

அந்த மழையில்தான் எங்கள் முதல் குழந்தை பிறந்தாள். மூன்றாம் நாள் கூடலூர் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பும்போது, முகத்தில் லேசாக மஞ்சள் தெரிகிறது, நிறைய குழந்தைகளுக்கு வருவதுதான் என்றார் டாக்டர். மஞ்சள் கூடினாலோ, பால் குடிக்காமல் தூங்கிக்கொண்டே இருந்தாலோ உடனே கொண்டுவரச் சொன்னார். அவர் பேசிக்கொண்டிருந்தபோது நான் அந்தப் பக்கம் ஒரு குழந்தையை நீல விளக்குக்குக் கீழே படுக்க வைத்திருந்ததை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தேன். மஞ்சளுக்கு விளக்குதான் மருந்து என்பது மட்டும் என் மண்டையில் ஏறியது.

விளக்கு என்றால் நம் தொழிலாயிற்றே. வீட்டுக்கு வந்ததும் தொட்டிலுக்கு மேலே எட்டாத உயரத்தில் நூறு வாட் குண்டு பல்பு ஒன்றைத் தொங்கவிட்டேன். எஸ்டேட் தொழிலாளர்கள் குடியிருக்கும் லைன் வீடுகளில் கோழிக்குஞ்சுக்குக் குளிராமல் இருக்க இப்படித்தான் செய்வார்கள். குளிருக்குச் சூடும் ஆச்சு, மஞ்சளுக்கு வெளிச்சமும் ஆச்சு என்று கணக்குப் போட்டேன். சாரல் அடிக்கிறதென்று ஜன்னலைச் சாத்தி, இடுக்கில் சாக்கையும் திணித்தேன். பகல் முழுக்க பல்பு எரிந்தது. பார்க்க வந்தவர்கள் எல்லாம் குழந்தை தங்கமாக மின்னுகிறாள் என்றார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

குழந்தை அழவே இல்லை. எப்போதும் தூக்கம்தான். இவ்வளவு சாதுவான பிள்ளை யாருக்குக் கிடைக்கும் என்று நான் பெருமைப்பட்டேன். மனைவிக்கு மட்டும் மனசு சரியில்லை.

"ஏனுங்க, பால் குடிக்கறதுக்குள்ளயே தூங்கிப் போயிடறா. மேலெல்லாம் மஞ்சளாத் தெரியற மாதிரி இருக்குதுங்க" என்றாள்.

பல்பு வெளிச்சத்தில் சுவர்கூட மஞ்சளாகத்தான் தெரியும், உன் கையைப் பார் என்று சிரித்தேன். அவள் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் குழந்தையை மறுபடி மடியில் போட்டுக்கொண்டாள். பெற்றவளுக்குத் தோன்றியதைச் சொல்லவிடாமல் அவள் வாயை அடைத்துவிட்டேன். அந்த வெட்கம் இன்னும் போகவில்லை.

ஆறாம் நாள் மதியம், ஃபாக்டரியில் தேயிலைத் தூளைத் தரம் பிரிக்கிற இடத்தில் வேலை செய்யும் ஒரு அக்கா குழந்தையைப் பார்க்க வந்தார். சிலோனிலிருந்து திரும்பி வந்த குடும்பத்தில் பிறந்தவர். எனக்கும் அவருக்கும் கொஞ்சம் உரசல் உண்டு. அவர் வேலை செய்யும் இடத்தில் புது லைட்டெல்லாம் போட்டுக் கொடுத்திருந்தேன். அவரோ ஒவ்வொரு கைப்பிடித் தூளையும் ஜன்னலுக்கு எடுத்துப் போய்த்தான் நிறம் பார்ப்பார். கேட்டால், லைட்டுக்குக் கீழே எல்லாத் தூளும் நல்ல தூள்தான் என்பார். என் வேலையை மட்டம் தட்டுகிறார் என்று எனக்குக் கோபம்.

அன்றைக்கும் அதையேதான் செய்தார். குழந்தையைத் தூக்கிக் கொஞ்சியபடி ஜன்னலுக்குப் போனார். அது சாத்தியிருந்தது. திறக்கச் சொன்னார். குழந்தைக்குக் குளிரும் என்று நான் மறுத்தேன்.

"லைட்ட அமத்திட்டு ஜன்னலத் தொறங்க தம்பி. ஒரு நிமிசந்தான்" என்றார்.

முணுமுணுத்துக்கொண்டே பல்பை அணைத்து, சாக்கை உருவிவிட்டு ஜன்னலைத் திறந்தேன். மழை வெளிச்சம் சாம்பல் நிறத்தில் உள்ளே வந்தது. சுவர் வெள்ளையானது. மனைவியின் கை அதன் சொந்த நிறத்துக்கு வந்தது. குழந்தை மட்டும் மாறவில்லை. அக்கா அவள் நெஞ்சில் விரலை வைத்து அழுத்தி எடுத்தார். அழுத்திய இடம் மஞ்சள். காலுறையைக் கழற்றினார். உள்ளங்காலும் மஞ்சள்.

"இது பல்பு மஞ்சள் இல்ல தம்பி. கால் வரைக்கும் எறங்கிருச்சு. இப்பவே கெளம்புங்க."

எஸ்டேட் ஜீப்பில் கூடலூருக்குக் கிளம்பினோம். அக்காவும் கூடவே வந்தார். வழியெல்லாம் மனைவி குழந்தையின் பாதத்தைச் சுண்டிச் சுண்டி எழுப்பிப் பால் கொடுக்கப் பார்த்தாள். நான் முன் சீட்டில், திரும்பிப் பார்க்கத் தைரியமில்லாமல் உட்கார்ந்திருந்தேன்.

ரத்தப் பரிசோதனை முடிந்த கையோடு குழந்தையை நீல விளக்குக்குக் கீழே வைத்தார்கள். டாக்டர் என்னைத் திட்டவில்லை. அந்த விளக்கு வேறு, உங்கள் பல்பு வேறு, உங்களுடையது மஞ்சளைக் குறைக்காது, மறைக்கத்தான் செய்யும் என்று நிதானமாகச் சொன்னார். இன்னும் தாமதித்திருந்தால் மூளையைப் பாதித்திருக்கலாம், காது கேட்காமல் போயிருக்கலாம் என்றார். வெளியே வராந்தாவில் அக்காவும், தன் அண்ணன் மகனுக்கு அப்படித்தான் காது போனது என்றார். அதனால்தான் எந்த வீட்டில் குழந்தை பிறந்தாலும் வெளிச்சத்துக்குத் தூக்கிப் போய்ப் பார்ப்பாராம். தூளுக்கு மட்டுமல்ல அந்தப் பழக்கம் என்று அப்போதுதான் தெரிந்தது.

இரண்டு நாள் கழித்து, விளக்குக்குக் கீழே படுத்தபடியே பசித்து வீறிட்டாள். வார்டே திரும்பிப் பார்த்தது. அப்படி ஒரு அழுகையை அதற்கு முன் அவளிடம் நாங்கள் கேட்டதில்லை. மனைவி சிரித்துக்கொண்டே அழுதாள். மஞ்சள் இறங்கிவிட்டது, இனி பயமில்லை என்றார் டாக்டர். சில மாதம் கழித்துக் கோயம்புத்தூரில் காதைச் சோதித்தார்கள். குறையொன்றும் இல்லை என்றார்கள்.

இப்போது லைன் வீடுகளுக்கு வயரிங் வேலைக்குப் போய், அங்கே பச்சைக் குழந்தை இருந்தால், லைட்டை அணைத்து ஜன்னலைத் திறந்து ஒரு முறை பார்க்கச் சொல்லாமல் நான் கிளம்புவதில்லை. எலக்ட்ரீஷியனே லைட்டை அணைக்கச் சொல்கிறான் என்று சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

அந்த அக்கா ஷிஃப்ட் முடிந்து எங்கள் வீட்டைத் தாண்டும்போது குரல் கொடுப்பார். எங்களுக்கு முன்னால் அது என் மகள் காதில் விழுந்துவிடும். செருப்புகூடப் போடாமல் அவள் ஓடுகிறபோதெல்லாம், அன்று முணுமுணுத்துக்கொண்டாவது அந்த ஜன்னலைத் திறந்தேனே என்று மனதுக்குள் நன்றி சொல்லிக்கொள்கிறேன்.