மிஞ்சிய பதினெட்டுக் குளிசைகள்

என் மனைவியின் வலிக்கென்று தந்த மருந்தை நான் மிச்சம் பிடித்தேன். அவள் துடித்துச் செத்தாள். மருந்து மிஞ்சியது.

மூன்று ஆண்டுகளாக இதை யாரிடமும் சொல்லவில்லை. நீங்கள் என்னை அறியாதவர். அதனால்தான் உங்களிடம் சொல்கிறேன்.

1998 வைகாசி. சண்டையால் கிளிநொச்சியிலிருந்து இடம்பெயர்ந்து, ஜெயபுரத்தில் கொட்டில் போட்டிருந்தோம்: நான், மனைவி ராணி, அவளுடைய தங்கை மலர். ராணிக்கு வயிற்றில் புற்றுநோய், ஈரலுக்கும் பரவிவிட்டது. வெளியே போகும் அனுமதிப் பாஸ் எடுத்து வவுனியாவுக்குக் கொண்டுபோனேன். இனிக் கிழமைக் கணக்குத்தான் என்றார் டொக்டர். அறுபது மோர்பின் குளிசைகள் தந்தார்.

“நாலு மணித்தியாலத்துக்கு ஒண்டு குடுங்கோ. பத்து நாளைக்குக் காணும். முடிய வாங்கோ. மிச்சம் மட்டும் பிடிக்காதேங்கோ.”

முடிய வருவதா! அடுத்த பாஸ் கிடைக்க ஒரு மாதம் செல்லும். நாங்கள் சவர்க்காரக் கட்டியை நூலால் நாலாக அறுத்துப் பாவித்த சனம். ஜாம் போத்தல் விளக்கில் திரியை இறக்கி, டோர்ச் பற்றரியை வெயிலில் காயவைத்து... எதையும் நீட்டிப் பழகிய கை, குளிசையையும் நீட்டியது. நாளுக்கு ஆறு அல்ல, இரண்டு. கொப்பியில் முப்பது நாளுக்குக் கட்டம் போட்டேன்.

காலையில் ஒன்று. மாலையில் ஒன்று. இடையில் அவள் சேலைத் தலைப்பைக் கடித்துக்கொண்டு கிடந்தாள்.

ஒன்பதாம் நாள் பகல், என் கையைப் பிடித்தாள்.

“இஞ்சருங்கோ... எல்லாத்தையும் ஒண்டாத் தாங்கோ. நான் நித்திரையாப் போறன்.”

“அது கொலை, ராணி.”

அவள் என் கையை விடவில்லை.

“அப்ப ஒரு தரத்துக்கு ரெண்டெண்டாலும் தாங்கோ. ரெண்டு குடுத்தாலும் பாவமோ? உங்கட தத்துவப் புத்தகங்களில பாத்துச் சொல்லுங்கோ.”

சொல்லிவிட்டுச் சிரித்தாள்! நான் கொடுக்கவில்லை. சேர்த்துவைத்து ஒன்றாக விழுங்கிவிடுவாளோ என்று பயந்தேன். அன்றே போத்தலைக் கூரைக் கிடுகுக்குள் ஒளித்தேன். அதன்பின் ஒவ்வொரு தடவையும் வாயைத் திறக்கச் சொல்லி, நாக்கின் அடியைப் பார்த்தேன்... என் மனைவியின் நாக்கின் அடியை!

அன்று கொப்பியில் மூன்று பக்கம் எழுதினேன். தீராத நோயாளி சாவைக் கேட்டால் கொடுக்கலாமா? உயிர் யாருடையது? எவ்வளவு நேர்த்தியான பக்கங்கள்! எழுதும்போது ராணி இரண்டு தரம் கூப்பிட்டாள். பந்தியை முடித்துவிட்டுத்தான் எழும்பினேன்.

அவள் கேட்டவை இரண்டு. பெரியதற்கு விடை இன்றும் எனக்குத் தெரியாது. சின்னதற்கு டொக்டர் முன்னமே விடை சொல்லியிருந்தார். பெரியதைக் காட்டிச் சின்னதையும் மறுத்தேன். அதை அறம் என்று வேறு நினைத்தேன்!

மலர் ஒருநாள் பொறுக்கமாட்டாமல் சொன்னாள்: “விளக்குத் திரியைக் குறைக்கிற மாதிரி அக்காவையும் குறைக்கிறியள், அத்தான்.”

“மருந்து முடிஞ்சால் என்ன செய்யிறது?” என்றேன்.

“முடியட்டுமன். அக்கா இண்டைக்கெல்லோ கத்திறா!”

இருபத்தோராம் நாள், மாலைக் குளிசையை விழுங்கிய சற்று நேரத்தில் ராணியின் மூச்சு நின்றது. என் கட்டங்களில் ஒன்பது நாள் வெறுமையாகக் கிடந்தது.

“மனிசியை என்னமாதிரிப் பாத்தவர் பாருங்கோ” என்று செத்தவீட்டுக்கு வந்த சனம் புகழ்ந்தது. தலையைக் குனிந்தேன். துக்கம் என்று நினைத்திருப்பார்கள்.

கொப்பியில் எழுதினேன்: “மாலை 5.40. அமைதியாகப் பிரிந்தாள்.”

எட்டாம் நாள் எட்டுச் செலவுச் சடங்கு முடிந்தபின் மலர் அதை வாசித்தாள். மூடி என் மடியில் வைத்தாள்.

“நேரம் மட்டும் சரி, அத்தான்.”

போத்தல் இன்னும் என்னிடம் இருக்கிறது. மறு ஆண்டு, பக்கத்து வளவில் ஒருவர் இதே நோயில் கிடந்தார். அவருடைய கத்தல் என் கொட்டிலுக்குக் கேட்டது. கிடுகுக்குள் கையை விட்டேன்... எடுத்தேன்... திரும்பவும் வைத்துவிட்டேன்.

எப்படி மிஞ்சியது என்று கேட்பார்களே!