பேயிடம் நைனா பேசிய வசனம்

என் நைனாவுக்கு வலது கை முழங்கைக்குக் கீழே கிடையாது. இதைச் சினிமாக்காரர்களிடம் போய்ச் சொன்னது நான் இல்லை. அந்தப் பாவத்தை என் தலையில் கட்டவேண்டாம். செஞ்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். ஒருநாள் காலையில் ஷூட்டிங் ஆள் ஒருவர் ஆதார் நகல் எடுக்க வந்தார். நகலை எண்ணிக்கொண்டே, "இந்தப் பக்கம் கை இல்லாதவங்க யாராச்சும் இருக்காங்களாம்மா? பேய்ப்படம். காமெடிதான், ரத்தமும் சிரிப்புமா இருக்கும்" என்றார்.

"கை இல்லாதவங்கள கடையிலயா விக்கிறாங்க? நகல எடுத்துட்டுக் கெளம்புங்க" என்றேன்.

வல்லத்திலிருந்து என்னைப் பார்க்க வந்திருந்த நைனா, பின்னால் ஸ்டூலில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். அவர் தோளில் கிடக்கும் துண்டு எப்போதும் அந்தக் கையை மூடியபடிதான் தொங்கும். பத்தொன்பது வருடமாக வெளியாள் முன்னால் அதை அவர் விலக்கியதில்லை. அன்று விலக்கினார். "இது ஆவுமா பாருங்க சார்" என்றார்.

அந்த ஆள் போனபிறகு நான் பிடிபிடி என்று பிடித்தேன். "புத்தி கெட்டுப்போச்சா நைனா? ஊரே உக்காந்து சிரிக்கும்."

"சிரிக்கத்தான காமெடி எடுக்குறாங்க" என்றார்.

மானம், மரியாதை என்று என்னென்னவோ கத்தினேன். என் பயம் அதெல்லாம் இல்லை. அதை யாரிடமும் நான் சொன்னதில்லை.

நான் பத்தாவது படித்தபோது எங்கள் வீட்டை ஒட்டிய கொட்டகையில் மல்லாட்டை உடைக்கிற மிஷின் ஓடியது. வேர்க்கடலையை எங்கள் பக்கம் மல்லாட்டை என்போம். கரண்ட் எப்போது வரும், எப்போது போகும் என்று தெரியாத காலம் அது. அதனால் கழனி மோட்டாருக்குச் சுவிட்சைப் போட்டபடியே விட்டிருப்போம். கரண்ட் வந்ததும் அது பாட்டுக்கு ஓடும், யாரும் ஓடிப்போய்ப் போடவேண்டியதில்லை. அன்று பள்ளிக்கூடம் விட்டு வந்தேன். கரண்ட் இல்லை. கொட்டகை வாசலில் மிஷின் சுவிட்ச் அணைந்திருந்தது. கழனி மோட்டார் பழக்கத்தில் போட்டேன். நைனா மிஷினுக்குப் பின்னால் குனிந்து, சிக்கிய தொலியைக் கையால் எடுத்துக்கொண்டிருந்தது எனக்குத் தெரியாது. சுவிட்சிலிருந்து நான் கையை எடுப்பதற்குள் கரண்ட் வந்துவிட்டது.

அவர் கத்தவில்லை. என் பக்கம் திரும்பினார். "ஒண்ணுமில்லம்மா. நீ போயி சாப்புடு" என்றார். அதற்குப் பிறகுதான் விழுந்தார்.

ஆஸ்பத்திரியில், அம்மாவிடம், பார்க்க வந்த ஜனத்திடம் எல்லாம் ஒரே பேச்சுதான் பேசினார்: "நான்தான் சுவிட்ச அணைக்க மறந்துட்டேன்." அவர் அப்படியே நம்புகிறாரா, அல்லது என்னைப் பார்த்துவிட்டாரா? கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. கல்யாணமாகி இரண்டு பிள்ளை பெற்றபிறகும் வரவில்லை. சினிமாக்காரர்கள் தோண்டித் துருவிக் கேட்டு எதையாவது கிளறிவிடுவார்களோ என்பதுதான் என் பயம்.

ராஜகிரி மலை தெரிகிற மாதிரி, மூடிக்கிடந்த ஒரு மில்லில் ஷூட்டிங். நான் போகவில்லை. சாயங்காலம் கடைக்கு வந்து நைனா கதை கதையாகச் சொன்னார். ரப்பர் கையை மாட்டினார்களாம். "இன்னா சார், இவ்ளோ செவப்பா இருக்குது? எங்க வூட்லயே யாரும் நம்ப மாட்டாங்க" என்று சொல்லி அதற்குக் கறுப்பு அடிக்க வைத்தாராம். நக இடுக்கில் மண் வைக்கச் சொன்னாராம். ரத்தம் வெறும் சர்க்கரைப் பாகாம், எறும்பு ஏறிவிட்டதாம்.

"கை எப்பிடிப் போச்சின்னு கேட்டாங்களா?"

"கேட்டாங்க. சுவிட்ச அணைக்க மறந்துட்டேன்னு சொன்னேன்."

அப்பாடா என்றிருந்தது.

"அலறச் சொன்னாங்க. எனக்கு அலற வரல. நானா ஒரு வசனம் பேசுனேன். டைரக்டரு சிரிச்சி சிரிச்சி கீழ உக்காந்துட்டாரு" என்றார். என்ன வசனம் என்று கேட்டதற்கு, தியேட்டரில் பார்த்துக்கொள் என்றார்.

படம் வந்த வாரம் நானும் நைனாவும் மேட்னிக்குப் போனோம். ரத்தம் பார்த்தால் அம்மாவுக்கு ஆகாது, அவள் வரவில்லை. படத்தில் ஒருவன் குடலைப் பேய் துணிக்கொடியில் காயப்போட்டு, காற்றில் பறக்காமல் கிளிப் மாட்டியது. தியேட்டரே சிரித்தது. பொய் சொல்வானேன், நானும் சிரித்தேன்.

அப்புறம் நைனா வந்தார். மில்லில் குனிந்து மிஷினுக்குள் கைவிட்டிருந்தார். தலைவிரி கோலமாகப் பேய் வந்து சுவிட்சைப் போட்டது. கை பிய்த்துக்கொண்டு பறந்தது. சுவரில் மாட்டிய காலண்டர் வரைக்கும் ரத்தம் அடித்தது. நைனா மெல்லத் திரும்பி, "ஒண்ணுமில்லம்மா. நீ போயி சாப்புடு" என்றார்.

விசில் கூரையைப் பிய்த்தது. "பேய்க்கே சோறு போடறான்யா" என்று பின்சீட்டில் ஒருவன் விழுந்து விழுந்து சிரித்தான். அதைச் சொல்லும்போது நைனா பேயின் முகத்தைப் பார்க்கவில்லை. சுவிட்சின் மேல் இருந்த அதன் கையைப் பார்த்தார். அன்றைக்கும் அவர் பார்த்தது என் முகத்தை இல்லை, சுவிட்சில் இருந்த என் கையை. இத்தனை வருடம் எனக்குத் தெரிந்தேதான் இருந்திருக்கிறது, நான்தான் வேறு மாதிரி நினைத்துக்கொண்டேன். பக்கத்தில் நைனா, சிரிக்கிற ஜனத்தைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வெளியே வந்ததும் காலேஜ் பையன்கள் அவரைச் சூழ்ந்து செல்ஃபி எடுத்தார்கள். "பெருசு, நாங்க போயி சாப்புடட்டா?" என்று கலாய்த்தார்கள். அவரும் சிரித்தார். துண்டு இடது தோளில் கிடந்தது.

பஸ் ஸ்டாண்டில் வல்லம் போகிற பஸ்ஸுக்காக நின்றோம். "நைனா, அன்னிக்கி அந்தச் சுவிட்ச…" என்றேன்.

"ஊரு பூரா இத்தினி வருசமா மறந்துட்டேன்னு ஒரே பேச்சா சொல்லிட்டு வரேன்" என்றார் அவர். "இப்பப் போயி நீ மாத்திச் சொல்லாத."

பஸ் வந்தது. ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தவர், தலையை வெளியே நீட்டி, "மத்தியானம் சாப்டியா நீ?" என்றார்.

இல்லை என்றேன்.