பட்டியலின் முதல் வரி

1994 மார்ச் 12, சனிக்கிழமை, மாலை நாலேகால் மணிக்குத்தான் கிரீஸ் அந்த மெக்கானிக்கை முதன்முதலாகச் சந்தித்தான். அப்போது அவனுக்கு அந்தப் பெயர் இல்லை. கழன்ற சைக்கிள் சங்கிலியை மாட்டிய கையோடு, பேருந்து நிலையத்துக்குப் பின்புறமிருந்த வீடியோ கேம் கடைக்குள் நுழைந்து, சண்டை விளையாட்டுப் பெட்டியின் முன் நின்றான். பெட்டிக்குப் பின்னால் ஸ்குரூடிரைவரோடு குனிந்திருந்தவர் மெக்கானிக். கல்லாவில் இருந்தவள் அவருடைய தங்கை.

"அண்ணே, இவரைக் கையைக் கழுவிட்டு வரச் சொல்லு. பட்டனெல்லாம் கிரீஸ்."

"காசு குடுக்குற கை எப்படி இருந்தா என்ன?" என்றார் மெக்கானிக்.

"அப்ப துடைக்கிறது நீதான்."

அன்றே பெயர் ஒட்டிக்கொண்டது. அன்றே அவளோடு மோதிப் பதினோரு முறை மண்ணைக் கவ்வினான்.

மூன்றாம் ஆண்டில் ரத்தப் புற்றுநோய் அவளைக் கொண்டுபோயிற்று. அதற்கு ஒரு மாதம் முன்பு அவள் எடுத்த புள்ளிகள், பெட்டியின் சாதனைப் பட்டியலில் பெயராக அவள் பதிந்த மூன்றெழுத்தோடு முதல் வரியாக நின்றன. கடையை மூடியபோது மெக்கானிக் பெட்டியைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டு, விளையாட்டு பதிந்திருந்த சர்க்யூட் பலகையை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவந்தார். அந்தப் பட்டியல் ஒரு சிறு பேட்டரியின் தயவில் உயிர்வாழ்ந்தது. ஐந்தாண்டுக்கு ஒருமுறை, பலகையில் மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கும்போதே பேட்டரியை மாற்றுவார். மிக்சியும் மின்விசிறியும் பழுதுபார்த்துப் பிழைத்தார். சுவரிலிருந்த படத்தில் அவள் யாரோபோல இருக்கிறாள் என்பார். அவள் கைப்பட மிஞ்சியது அந்த ஒரு வரிதான்.

கிரீஸ், விளையாட்டுகள் தயாரிக்கும் நிறுவனமொன்றில் வேலைக்குச் சேர்ந்து தலை நரைத்தான். எட்டுப் பழைய சண்டை விளையாட்டுகளைச் சேர்த்து முப்பதாம் ஆண்டு நிறைவுத் தொகுப்பாக வெளியிட நிறுவனம் முடிவெடுத்தபோது, நேரே மெக்கானிக்கின் வீட்டுக்கு வந்தான்.

"பலகையைக் குடுங்கண்ணே. அவ வரியை அப்படியே ஏத்திடுறேன். எவன் திறந்தாலும் முதல்ல அவ பேருதான் தெரியும். இது என் வாக்கு."

மெக்கானிக் பலகையைத் துணியில் சுற்றினார்.

"பேட்டரி இந்த வருஷம் மாத்தணும். ஓடும்போதே மாத்து. சீட்டு எழுதிக் கட்டியிருக்கேன்."

"எனக்குத் தெரியாதாண்ணே?"

"தெரியும்னு சொல்றவனுக்குத்தான்டா சீட்டு."

மின்சாரம் ஓடும் பலகையில் எவரும் கைவைக்கக் கூடாது என்பது நிறுவனத்தின் விதி. நகலெடுக்கும் கருவி திங்கட்கிழமைதான் வரும்; பேட்டரியோ வெள்ளிக்கிழமையே கடைசி மூச்சில் இருந்தது. கிரீஸ் சீட்டைப் படித்தான், விதியையும் நினைத்தான். பேட்டரி இல்லாமல் அரை நிமிடம் பலகை தாங்கும் என்று கணக்குப் போட்டான். பிற்காலப் பலகைகள் தாங்கும். அவன் மின்சாரத்தை நிறுத்தி, இருபது நொடிகளில் மாற்றிமுடித்து, மீண்டும் மின்சாரம் கொடுத்தான். திரையில் வந்த பட்டியலில் தயாரித்தவர்கள் ஏற்றி அனுப்பிய பத்துப் பொய்ப் பெயர்கள் இருந்தன.

அந்தப் பத்துப் பெயர்களோடுதான் தொகுப்பும் வெளியாயிற்று. கிரீஸ் தானே ஒரு பிரதியை எடுத்துக்கொண்டு போய், மெக்கானிக்கின் தொலைக்காட்சியில் இணைத்தான். அவர் பட்டியலைப் பார்த்தார்.

"போயிடுச்சா?"

"போயிடுச்சுண்ணே."

"எத்தனை நொடி?"

"இருபது."

"மூணுதான் தாங்கும்."

"அந்தப் புள்ளி எனக்கு மனப்பாடம்ணே. தொகுப்போட அடுத்த திருத்தத்துல கையால அடிச்சு ஏத்திடலாம்."

"நீ அடிப்ப," என்றார் மெக்கானிக். "அவ ஆடலையே."

அதன்பிறகு அவர் ஒன்றரை ஆண்டு உயிரோடு இருந்தார். கிரீஸ் மாதந்தோறும் போனான். வாசலிலேயே, "கையைக் கழுவிட்டு வாடா," என்பார். மின்விசிறிகளைப் பற்றிப் பேசுவார். முட்டிவலியைப் பற்றிப் பேசுவார். ஒவ்வொரு முறையும் இன்று கேட்டுவிடுவார் என்று அவன் காத்திருந்தான். கொடுத்த வாக்கு கொடுத்தபடியே நின்றது. அதைப் பற்றி அவர் கடைசிவரை கேட்கவில்லை.