நல்லம்மாள் வைத்த தழும்பு

நல்லம்மாளுக்குப் பாம்பென்றால் பயமில்லை, பன்றியென்றால் பயமில்லை. சுங்கை சிப்புட் பக்கம் எங்கள் ரப்பர் தோட்டத்தில், இருட்டு விலகும் முன்பே தனியாகப் போய்ப் பால் வெட்டுவாள். அவள் பயந்தது ஊசிக்குத்தான். அந்தப் பயத்துக்கு நானும் துணை போனேன். தொழிலாளர் வரிசை வீடுகள் இருந்த லயத்தில் அவளுக்கு அடுத்த வீடு என்னுடையது.

எழுபத்து நாலில் மூத்தவன் அர்ச்சுனன் பிறந்தான். தோட்டத்து மருந்தகத்தில் ஊசி மருந்து பார்க்கும் டிரெசர் மரியஜோசப், முதல் மாதமே அவன் கையில் காசநோய்த் தடுப்பூசி போட்டார். ஊசி இடம் புண்ணாகித் தழும்பானது. எல்லாப் பிள்ளைக்கும் அப்படித்தான் ஆகும். ஆனால் புண் ஆறிய அதே மாதம் பையனுக்கு இழுப்பு வந்துவிட்டது. மழை பிடித்தால் நெஞ்சில் விசில் அடிக்கும், உதடு கறுக்கும். நல்லம்மாள் அவனை நிமிர்த்திப் பிடித்தபடி அடுப்படியிலேயே உட்கார்ந்திருப்பாள். ஊசிதான் பிள்ளையின் மூச்சைக் கெடுத்தது என்று முடிவு கட்டிவிட்டாள். நானும் ஆமாம் போட்டேன். என் வாய் சும்மா இருந்தால்தானே?

எழுபத்தொன்பதில் மங்களம் பிறந்தாள். பிரசவம் பாகான் செராயில், நல்லம்மாளின் தாய்வீட்டில். ஊசியை அங்கேயே போட்டாயிற்று என்று திரும்பி வந்து டிரெசரிடம் புளுகினாள். தழும்பு விழுந்ததும் கொண்டுவந்து காட்டு என்றார் அவர். பால் நிறுக்கப் போன இடத்திலிருந்து, ரப்பர் பாலை உறைய வைக்கும் ஆசிட்டைக் கொஞ்சம் எடுத்து வந்தாள் நல்லம்மாள். ஈர்க்குச்சி முனையில் தொட்டு ஒரே ஒரு பொட்டு. பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டது நான். பாவி, பிடித்துக்கொண்டுதான் இருந்தேன்.

டிரெசர் தழும்பைப் பார்த்தார், ஊசி அட்டையில் குறித்தார்.

எண்பத்திரண்டில், ஆயாக் கொட்டகையில் எங்கள் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் செல்லாயி இருமி இரத்தம் துப்பினாள். காசநோய். மறுநாள் டிரெசர் பிள்ளைகளை வரிசையில் நிறுத்திச் சட்டைக் கையைத் தூக்கிப் பார்த்தார். தழும்பு இல்லாதவர்கள் உடனே லாரியில் ஈப்போ ஆஸ்பத்திரிக்கு. மற்றவர்கள் அடுத்த வாரம். மங்களம் அடுத்த வாரத்துப் பக்கம் நின்றாள். இரண்டு நாளாக அவளுக்கு இருமல். அன்று காலை நெஞ்சில் அதே விசில்.

ஊசியே போடாத பிள்ளைக்கு இழுப்பு எப்படி வந்தது? இல்லை, இது செல்லாயியிடமிருந்து ஒட்டிய நோயா? உண்மையைச் சொன்னால் போலீஸ் வரும், அவள் புருஷன் பத்துமலைக்கும் வேலை போகும். சொல்லாவிட்டால் பிள்ளை போகும். லாரி கிளம்பத் தயாரானது. பேசாமல் இரு என்று நல்லம்மாளின் சேலையைப் பிடித்து இழுத்தேன். அப்படிப்பட்டவள் நான். அவள் உதறிவிட்டு ஓடினாள்.

"ஐயா, அது ஊசித் தழும்பு இல்லைங்க. ஆசிட்டு. நான்தான் வச்சேன்."

மரியஜோசப் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. அந்தச் சின்னக் கையைப் பிடித்துப் பார்த்தவர், மங்களத்தைத் தானே தூக்கி லாரியில் ஏற்றினார்.

ஈப்போவில் நெஞ்சைப் படம் எடுத்தார்கள். முடிவு வரும்வரை நாலு நாள் நல்லம்மாள் சோறு தொடவில்லை. காசநோய் இல்லை, இழுப்புதான் என்றார் டாக்டர். வீட்டில் வேறு யாருக்காவது உண்டா என்றும் கேட்டார். அர்ச்சுனனைச் சொன்னாள். அப்போதுதான் பத்துமலை தலையைச் சொறிந்துகொண்டு, "எனக்கும் சின்னதுல இருந்துச்சுங்க" என்றான். இந்த மனுஷன் எட்டு வருஷம் முன்னாலேயே இதைச் சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா?

ஊசியை மறு கையில் போட்டார்கள். மங்களத்துக்கு இப்போது பத்து வயது. மற்றவர்களுக்கு ஒரு தழும்புதானே, எனக்கு மட்டும் ஏன் இரண்டு என்று போன வாரம் கேட்டாள். நல்லம்மாள் எழுந்து அடுப்படிக்குள் போய்விட்டாள்.

"ஒனக்கு ரெண்டு தடவ ஊசி போட்டாங்க லா" என்றேன் நான்.

பிள்ளை நம்பிவிட்டது.